பூஸ்டர் இல்லாத காரில் நல்ல பிரேக் கிடைக்குமா? ‘கல்லு பெடல்’ சொல்லும் கணக்கு

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48-ல் ராணிப்பேட்டையைத் தாண்டினால் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று வழி நெடுக ஒர்க்‌ஷாப்கள்தான். டேனரிக்குத் தோல் ஏற்றிப் போகும் மினி லாரியும் அங்கே நிற்கும், சனி, ஞாயிறு மட்டும் வெளியே வரும் பழைய ஜீப்பும் நிற்கும். ஜீப், பிரீமியர் பத்மினி, அம்பாசடர் என்று எதையாவது தேடிப் பிடித்து வாங்கி, இன்ஜினை மாற்றி, அலாய் வீல் போட்டு, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, பலர் ஒரே புகாரோடு பட்டறைக்குத் திரும்பி வருகிறார்கள்: “அண்ணே, பெடல் கல்லு மாதிரி இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது.”

அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பூஸ்டர் போட்டுடலாம் தம்பி, சும்மா தொட்டா நிக்கும்.”

பல வண்டிகளில் இது தேவையில்லாத பதில். சில வண்டிகளில் ஆபத்தான பதிலும்கூட. பூஸ்டர் காலின் பாரத்தைக் குறைக்கும். தப்பாகப் போட்ட கணக்கை அது சரிசெய்யாது, மறைத்துவிடும். அந்தத் தப்பு வெளியே வருவது ஏலகிரி மாதிரியான ஒரு மலை இறக்கத்தில்தான் என்றால், அப்போது பட்டறைக்குத் திரும்பிப் போக நேரம் இருக்காது.

பெடல் ‘ஃபீல்’ என்றால் என்ன?

நல்ல பெடல் என்றால் லேசான பெடல் என்றே பலரும் நினைக்கிறார்கள். தினமும் ஓட்டும் புது கார்களில் எல்லாம் பூஸ்டர் இருப்பதால் வந்த பழக்கம் இது. அந்தக் காலோடு பழைய ஜீப்பில் ஏறினால், நன்றாக இருக்கும் பிரேக்கூட ‘கல்லு’ மாதிரித்தான் தெரியும்.

பெடல் ஃபீல் என்பது மூன்று விஷயங்கள் சேர்ந்தது. முதலாவது, கால் வைத்ததும் எவ்வளவு தூரம் வெறுமனே இறங்குகிறது என்பது. இரண்டாவது, பேட் டிஸ்க்கைத் தொட்ட பிறகு பெடல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: காலை இரண்டு மடங்கு அழுத்தினால் வண்டியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மட்டுப்படுகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால், டயர் வழுக்கப்போகும் நொடி காலுக்கு முன்கூட்டியே தெரியும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் அந்தத் தகவலைத் தர வேறு எந்தக் கருவியும் கிடையாது. ஓட்டுநரின் கால்தான் அங்கே சென்சார்.

அதனால் ‘அழுத்தி மிதிக்கணும்’ என்பது மட்டுமே குறை ஆகாது. அழுத்தி மிதித்தும் நிற்கவில்லை என்றால்தான் குறை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் செலவு செய்வதில்தான் பணம் வீணாகிறது.

பூஸ்டர் எங்கிருந்து பலம் எடுக்கிறது?

பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டப் பெட்டிதான் வேக்குவம் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை. அதன் ஒரு பக்கத்தில் இருக்கும் காற்றை இன்ஜின் உறிஞ்சிவிடும். பெடலைத் தொட்டதும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். 8 இஞ்ச் பூஸ்டரின் பரப்பு சுமார் 320 சதுர செ.மீ. சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அழுத்த வித்தியாசம் கிடைத்தால், கணக்குப்படி 220 கிலோவுக்கு மேல் தள்ளும் பலம். காலே படாமல் கிடைக்கும் பலம் இது.

ஆனால் அந்த வெற்றிடம் எல்லா இன்ஜினிலும் ஒரே மாதிரி கிடைக்காது. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது தானாகவே கிடைக்கும். டீசல் இன்ஜினில் அப்படிக் கிடைக்காது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும், பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வரும். இன்ஜினை மாற்றும்போது அந்தப் பம்ப்பையோ அதன் ஹோஸையோ விட்டுவிட்டால், பூஸ்டர் வெறும் பெட்டிதான். ரேஸுக்காக கேம் மாற்றிய பெட்ரோல் இன்ஜினிலும் வெற்றிடம் குறையும். பழைய காரை எலெக்ட்ரிக்காக மாற்றினால் இன்ஜினே கிடையாது, மின்சாரத்தில் ஓடும் வேக்குவம் பம்ப்தான் கதி.

இன்னொரு விஷயமும் உண்டு. இன்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் உண்மையிலேயே கல்லாகிவிடும்.

30 கிலோ கால், 3 கணக்கு

பூஸ்டர் இல்லாத காரில் காலின் பலத்தைப் பெருக்குவது இரண்டே பொருட்கள்: பெடலின் நீளமும் மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டமும்.

அடிபம்பைக் கவனித்தால் இது புரியும். கைப்பிடி நீளமாக இருந்தால் லேசாகத் தண்ணீர் வரும், ஆனால் கையை அதிக தூரம் ஏற்றி இறக்க வேண்டும். பிரேக் பெடலும் அப்படித்தான். பெடல் தொங்கும் ஆணியிலிருந்து கால் வைக்கும் இடம் 24 செ.மீ. தூரத்திலும், மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி 4 செ.மீ. தூரத்திலும் இருந்தால் விகிதம் 6. அதாவது 30 கிலோ மிதித்தால் கம்பியில் 180 கிலோ. பூஸ்டர் உள்ள கார்களில் இந்த விகிதம் பொதுவாக 4-ஐ ஒட்டியே இருக்கும். மீதி வேலையை பூஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். இங்கேதான் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்பது தவறு. விட்டம் கூடக்கூட, அதே மிதிக்கு எண்ணெயில் வரும் அழுத்தம் குறையும்.

மூன்று கணக்குகளைப் பார்க்கலாம். மூன்றிலும் கால் 30 கிலோதான் மிதிக்கிறது.

விகிதம் 6, முக்கால் இஞ்ச் சிலிண்டர்: எண்ணெயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 63 கிலோ.

விகிதம் 6, ஒரு இஞ்ச் சிலிண்டர்: சுமார் 35 கிலோ.

விகிதம் 4, ஒரு இஞ்ச் சிலிண்டர்: சுமார் 24 கிலோ.

கடைசி கணக்கைக் கவனிக்க வேண்டும். பூஸ்டர் உள்ள ஒரு காரிலிருந்து பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றி, பூஸ்டரை மட்டும் விட்டுவிட்டுப் பொருத்தினால் கிடைப்பது ஏறக்குறைய இதுதான். முதல் கணக்கில் வந்த 63 கிலோவை இதில் கொண்டுவர, கால் 80 கிலோ மிதிக்க வேண்டும். ‘கல்லு பெடல்’ பலவற்றின் ரகசியம் இவ்வளவுதான். வண்டியில் எதுவும் பழுதில்லை. போட்ட பொருள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அப்படியானால் சிலிண்டரை இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. பேட்களை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்க 4 மில்லி எண்ணெய் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் பெடல் சுமார் 8.4 செ.மீ. இறங்கும். கடைசி கணக்கில் 3.2 செ.மீ. மட்டுமே. அழுத்தம் கூடினால் இறக்கமும் கூடும். சிலிண்டர் ரொம்பச் சின்னதானால் பெடல் தரையைத் தொட்டுவிடும். காலுக்கு வசதியான அழுத்தமும், தரைக்கு முன்பே நிற்கும் பெடலும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

எவ்வளவு மிதி நியாயம்? பயணிகள் கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. 13-எச் விதி, சோதனையில் கால் பலத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 51 கிலோ. அதற்குள் கார் முழு பலத்தோடு நின்றாக வேண்டும். மாற்றி அமைத்த வண்டிக்கும் இதையே அளவுகோலாக வைக்கலாம்: சாதாரணமாக நிற்க 10, 15 கிலோ, பதறி மிதிக்கும்போது 50 கிலோவுக்குள்.

50 கிலோ மிதி எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் காலால் அழுத்தினால் போதும். ‘எனக்கு பூஸ்டர் இல்லாம ஆகாது’ என்று சொல்பவர்களில் பலர் 50 கிலோவை எளிதாகத் தாண்டுவார்கள்.

டிரம்மைக் கழற்றி டிஸ்க் போட்டால்?

மாடிஃபை செய்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். “நாலு வீலுக்கும் டிஸ்க் போட்டாச்சு” என்பது பெருமையான வாசகம். பெடல் கல்லாவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

காரணம் எளிது. டிரம் பிரேக்கில், சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தானே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். கால் கொடுத்த பலத்துக்கு மேல் கொஞ்சம் பலத்தை அது சும்மாவே தரும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. எண்ணெய் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் பிடி. பழைய ஜீப்பும் பத்மினியும் பூஸ்டர் இல்லாமலே ஓட முடிந்ததில் டிரம்மின் இந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு. டிஸ்க்குக்கு மாறும்போது காலிபர் பிஸ்டனின் அளவு, மாஸ்டர் சிலிண்டர், பெடல் விகிதம் மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பதிலுக்கு டிஸ்க் தருவது நிதானம். டிரம்மின் பிடி சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும், டிஸ்க்கில் கால் கொடுத்ததற்கு நேரான பதில் வரும். கணக்கைச் சரியாகப் போட்டால், பூஸ்டர் இல்லாத டிஸ்க் பிரேக்தான் காலோடு தெளிவாகப் பேசும் பிரேக்.

பழைய ஜீப்பில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதன் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, சட்டத்தை ஒட்டி இருக்கும். காலிபர் அதைவிட உயரத்தில் அமைந்துவிட்டால், வண்டி நிற்கும் நேரத்தில் எண்ணெய் மெல்லக் கீழே இறங்கிவிடும். மறுநாள் காலை முதல் மிதியில் பெடல் பாதி தூரம் காலியாக இறங்கும். இதைத் தடுக்கவே சுமார் 2 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு விற்கிறது. டிரம்முக்கான வால்வு 10 பிஎஸ்ஐ. ஆள் மாற்றி டிஸ்க் லைனில் 10 பிஎஸ்ஐ வால்வைப் போட்டுவிட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். சில நூறு ரூபாய் வால்வு விஷயத்தில் இவ்வளவு இருக்கிறது.

பின்சக்கரத்தையும் மறக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். பின் பிரேக் முந்திக்கொண்டு இறுகினால் வண்டி சுழன்றுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கிடும் வால்வு இல்லாமல் நான்கு டிஸ்க் போடுவது, நிறுத்துவதற்குச் செய்த செலவில் கவிழ்வதற்கு ஏற்பாடு செய்வது போல.

இன்னும் ஒன்று. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. மாஸ்டர் சிலிண்டரைத் தொடுவதாக இருந்தால், முதலில் இரட்டைச் சுற்றுக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம். அலாய் வீலுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

வேலூர் மாணவர்கள் செய்து காட்டும் வேலை

பூஸ்டர் இல்லாமல் நல்ல பிரேக் சாத்தியமா என்ற கேள்விக்குப் பதில் தேட எங்கும் போக வேண்டாம். வேலூர் விஐடி மாணவர்களின் ‘பிரவேகா ரேசிங்’ அணி ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளுக்காகச் சொந்தமாக ரேஸ் கார் வடிவமைத்து வருகிறது. இந்த வகை கார்களில் பூஸ்டர் வைக்கும் வழக்கம் இல்லை. இந்தியாவில் ‘ஃபார்முலா பாரத்’ என்ற பெயரில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதற்கான போட்டி நடக்கிறது.

அங்கே கார் ட்ராக்கில் இறங்குவதற்கு முன் பிரேக் சோதனை உண்டு. வேகமெடுத்து வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் இறுக வேண்டும், கார் நேராக நிற்க வேண்டும். இரண்டு தனித்தனி எண்ணெய்ச் சுற்று கட்டாயம். பெடலும் அதைத் தாங்கும் அமைப்பும் 2,000 நியூட்டன், அதாவது 200 கிலோ மிதியைத் தாங்க வேண்டும். பெடல் அளவுக்கு மீறி இறங்கினால் காரை அணைக்கும் சுவிட்ச்சும் உண்டு.

பெடலுக்கு ஏன் 200 கிலோ? பெடல் வளைந்தாலோ, அது பொருத்தியிருக்கும் தகடு நெளிந்தாலோ, காலின் பலம் எண்ணெய்க்குப் போகாமல் தகட்டை வளைப்பதிலேயே தீர்ந்துவிடும். ஓட்டுபவருக்கு அது ‘பஞ்சு மாதிரி’ தெரியும். பழைய காரில் பெடலை யாராவது ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சிலிண்டர் முன்னால் நகர்கிறதா? நகர்ந்தால் அங்கே ஒரு தாங்கு தகடு வெல்டிங் செய்வதே போதும், புது சிலிண்டர் தேவைப்படாது.

மாணவர்களிடம் பெரிய பட்டறையைவிட விலை உயர்ந்த மந்திரம் எதுவும் இல்லை. அவர்கள் பொருள் வாங்குவதற்கு முன் கணக்குப் போடுகிறார்கள். சாலையோரப் பட்டறையில் வாங்கிய பிறகு கணக்கு ஆரம்பமாகிறது. வித்தியாசம் அங்கேதான்.

ஃபார்முலா 1-ல்கூட முன்சக்கர பிரேக்குக்கு பவர் உதவி கிடையாது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயன் மாதிரி வீரர்கள் 100 கிலோவுக்கு மேல் மிதித்துப் பழகியவர்கள். அதற்காக ‘எஃப் ஒன் காரிலேயே இல்லை, நமக்கு எதுக்கு’ என்று வீரம் பேசுவதும் தவறு. கால் பலத்தைக் காட்டும் இடம் நெடுஞ்சாலை இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் அப்பாவும் அம்மாவும் அதே வண்டியை ஓட்ட வேண்டும் என்றாலோ, வண்டி கனமானது என்றாலோ பூஸ்டர் நியாயமான தேவைதான். அப்போது பூஸ்டர், அதற்கேற்ற சிலிண்டர், அதற்கேற்ற பெடல் என்று முழு செட்டாக வர வேண்டும். பூஸ்டர் மட்டும் தனியாக வரக் கூடாது.

ஏலகிரி இறக்கமும் 20 லிட்டர் கேனும்

வாணியம்பாடி, ஜோலார்பேட்டை பக்கத்து இளைஞர்களுக்கு வார இறுதி என்றால் ஏலகிரி. பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு.

1,000 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் வெளியாகும் ஆற்றல், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் முழுவதையும் 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. செகண்ட் கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்கின் தலையில்.

சூடேறினால் நடப்பது இரண்டு. ஒன்று, பேட் பிடியை இழக்கும். பெடல் உறுதியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் அமுங்கும், பெடல் நேராகத் தரைக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. இரண்டு வருடம் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குபவர், கொதிநிலையில் பல பத்து டிகிரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம்.

பூஸ்டர் இங்கே என்ன செய்யும்? எதுவும் செய்யாது. உண்மையில் கெடுதலும் உண்டு. பூஸ்டர் இல்லாத பெடலில் பேட் பிடி இழக்க ஆரம்பித்ததும் ‘வழக்கத்தைவிட அதிகமா மிதிக்க வேண்டியிருக்கே’ என்று காலுக்கு உடனே தெரியும். பூஸ்டர் அந்த எச்சரிக்கையை மென்மையாக்கி, தாமதமாகத்தான் சொல்லும்.

பஞ்சு பெடலுக்கு வைத்தியம்

பெடல் பேசும் மொழியைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் பெடல் மேலே வருகிறதா? லைனில் காற்று இருக்கிறது, அல்லது டிரம்மில் ஷூ தூரமாக இருக்கிறது. ஏர் எடுத்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏர் எடுக்கும்போது பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி.

மிதித்துப் பிடித்தபடி இருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கிறது. இதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பெடல் உறுதி, ஆனால் வண்டி நிற்கவில்லையா? பேட் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கலாம், காலிபர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன சிலிண்டர் கணக்கு தப்பு.

எல்லாம் சரி, ஆனாலும் பஞ்சாக இருக்கிறதா? பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது ஊதிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு ஒரு ஹோஸ் மாற்றுவதில் கிடைக்கும் வித்தியாசம், பெரிய டிஸ்க் போட்டதைவிடப் பலருக்கு அதிகமாகத் தெரியும்.

கடைசிக் கண்ணி, கால்தான். ஆம்பூர் பெல்ட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். உலகத்துக்கே ஷூ தைக்கும் ஊரில் பலர் ரப்பர் செருப்போடு பிரேக் மிதிக்கிறார்கள். பூஸ்டர் இல்லாத பெடலில் 40 கிலோ மிதிக்கும்போது செருப்பு மடங்கும், நழுவும். மெத்தென்ற தடித்த சோல் உள்ள ஸ்னீக்கரும் சரிப்படாது. பெடல் தரும் தகவலில் பாதியை அந்த மெத்தையே விழுங்கிவிடும். ரேஸ் ஓட்டுநர்கள் மெல்லிய சோல் உள்ள ஷூ போடுவதன் காரணம் இதுதான். பின்னால் பிடிப்புள்ள, சோல் மெல்லிதான, காலோடு ஒட்டி நிற்கும் ஷூ போதும். அது தயாராவது பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

தோலுக்கும் பிரேக்குக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் கொண்டுவந்த ஆரம்பகால எண்ணெய் பிரேக்கில் கசிவைத் தடுக்கும் கிண்ணங்கள் தோலால் ஆனவை. அவை கசிந்துகொண்டே இருந்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் அதை ரப்பராக மாற்றிய பிறகுதான், 1924-ல் வந்த கிரைஸ்லர் காரில் நான்கு சக்கர எண்ணெய் பிரேக் நம்பகமானது. அன்றைக்கும் பெடலைக் காப்பாற்றியது ஒரு சின்ன வாஷர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

அதனால் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு முதல் வேலை மாற்றுவது கிடையாது, மீட்பது. கம்பெனி கொடுத்த பிரேக்கை அதன் முழு ஆரோக்கியத்துக்குக் கொண்டுவந்தாலே, ‘பூஸ்டர் போடணும்’ என்று வந்த வண்டிகளில் பலவற்றுக்கு அந்தத் தேவை போய்விடும். அதற்கு மேல் மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு.

பில்லில் மூன்று எண்கள்

இந்தப் பகுதிக்கு பிரேக் அந்நியமான தொழில் இல்லை. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில்தான் இருக்கிறது. தோல் தொழிலில் மில்லிமீட்டரில் பாதியைக்கூட அளந்து வாங்கும் ஊர் இது. ஒரு தோலின் கனத்தை கேஜ் வைத்துப் பார்க்காமல் எந்த ஷூ கம்பெனியும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் அதே ஊரில் பிரேக்கை மட்டும் ‘மிதிச்சுப் பாரு, நல்லாத்தான் இருக்கு’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள்.

மாற வேண்டியது இந்தப் பழக்கம். பிரேக் வேலைக்கு வண்டியை விடுபவர்கள் பில்லில் மூன்று எண்களை எழுதித் தரும்படி கேட்க வேண்டும்: பெடல் விகிதம், மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டம், காலிபர் அல்லது வீல் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம். ஸ்கேலும் வெர்னியரும் இருந்தால் பத்து நிமிட வேலை. வேலை முடிந்ததும் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்து, வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டும். அந்த மூன்று எண்களை எழுதித் தரத் தயங்கும் பட்டறையில் பெயின்ட் அடிக்கலாம், சீட் தைக்கலாம். பிரேக்குக்கு மட்டும் வண்டியை விட வேண்டாம்.